ம் கொட்டாமல் கேட்பது

முஸ்தபா ‘இல்லை’ என்று சொல்லி பம்மலில் யாரும் கேட்டதில்லை. வேலை கேட்டு வருகிறவனிடம், “அடுத்த வாரம் ஒரு எட்டு வந்து பாருங்க” என்பார். ஆகாத தோலைக் கொண்டுவந்து விரிக்கிறவனிடம், “பார்க்கலாம்” என்பார். எல்லோருக்கும் அது விளங்கும். வேலை கேட்டவன் அடுத்த வாரம் வர மாட்டான். தோல்காரன் கட்டை மடித்துக்கொண்டு போய்விடுவான். மனத்தாங்கல் இல்லை.

இங்கிலாந்தில் இருக்கும் டெரெக்குக்கு மட்டும் விளங்கவில்லை.

முஸ்தபாவின் பட்டறையில் தோட்ட வேலைக்கான தோல் கையுறைகள் தைக்கிறார்கள். கீழே பட்டறை, மாடியில் வீடு. சரக்கில் பெரும்பகுதியை வாங்குகிறவர் டெரெக். பல வருடங்களாக அவரோடு போனில் பேசி வந்தது ஸ்ரீரங்கன் என்ற ஏஜென்ட். ஸ்ரீரங்கன் மகனோடு புனேவுக்குப் போய்விட்டதால், சென்ற ஆண்டு முதன்முறையாக முஸ்தபாவே போனை எடுத்தார்.

டெரெக் பேசினார். நிறையப் பேசினார். ஒருவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேட்டால் அது மரியாதை ஆகாது. ம் கொட்ட வேண்டும். வெள்ளைக்காரரிடம் போய் ம் கொட்டுவதா என்று நினைத்து, ம் வர வேண்டிய இடத்திலெல்லாம் முஸ்தபா ‘எஸ்’ சொன்னார். எஸ், எஸ், எஸ் சார். அந்த எஸ்களில் ஒன்று, நவம்பர் முதல் வாரம் சரக்கு கப்பல் ஏறிவிடுமா என்ற கேள்வியின்மேல் போய் விழுந்தது.

தீபாவளியும் ரம்ஜானும் வந்த வாரம் அது. தையல்காரி கிளியம்மாள் தீபாவளியன்று மிஷினில் உட்கார்ந்தாள். முஸ்தபா பெருநாள் தொழுகை முடித்து, புதுச் சட்டையோடு வந்து கட்டிங் மேஜையில் நின்றார். சரக்கு போய்ச் சேர்ந்தது. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

“திட்டியிருந்தாக்கூட தேவலை. கூப்பிட்டேன், வந்துட்டாங்க” என்று அவர் மனைவி நூர் பீவியிடம் சொன்னதை மருமகள் ஃபாயிசா கேட்டாள். அப்போது, ஷார்ஜாவில் இருக்கும் மகன் ஆசிப்புக்கு வாழ்க்கைப்பட்டு அவள் அந்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

இந்த ஆண்டு, இரண்டாயிரத்து ஆறிலும், இரண்டு பண்டிகையும் ஒரே வாரத்தில் வந்தன. நோன்பு தொடங்கியதுமே டெரெக்கிடமிருந்து பேக்ஸ் வந்தது. ஷிப்மென்ட் தேதி பற்றிப் பேச வேண்டும், அடுத்த புதன்கிழமை பிற்பகல் கூப்பிடுகிறேன்.

ஃபாயிசா மாமனாரிடம் நேராகப் பேசுவதில்லை. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. அந்த வீட்டின் வழக்கம் அது. மாமியார் வழியாகத்தான் எல்லாம் போகும், வரும்.

“மாமி, புதன்கிழமை நானே டெரெக்கிட்ட பேசிடறேன்னு மாமாகிட்ட சொல்லுங்க.”

முஸ்தபா நான்கடி தள்ளி நாற்காலியில்தான் இருந்தார். நூர் பீவி கஞ்சிக்கு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கேட்டுச்சா?” என்றாள் கணவரிடம்.

“கேட்டுச்சு. பெருநாள் முடிஞ்சதும் அவ ஆசிப்கிட்ட ஷார்ஜா போயிடுவா. அடுத்த தடவை டெரெக் போன் பண்ணா யார் பேசறது? நீ பேசுவியா?”

“எனக்கென்ன தலையெழுத்து?”

“அதான். சரக்கு என்னுது, வாய் மட்டும் அவளுதா? எனக்குச் சொல்லித் தரச் சொல்லு.”

ஃபாயிசா கல்யாணத்துக்கு முன்னால் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் பாடம் எடுத்தவள். காட்டாங்குளத்தூர்க் கல்லூரியிலிருந்து பையன்கள் வருவார்கள். இன்டர்வியூ தலைக்குமேல் வந்த பிறகே வருவார்கள். திருத்தினால் முகம் சுருங்கும். திருத்துவது ஒரு பெண் என்றால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். அவர்களை அவளுக்குச் சமாளிக்கத் தெரியும். ஐம்பத்தெட்டு வயது மாமனாரை எப்படித் திருத்துவது? அதுவும் மாமியார் வழியாக?

பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டு முஸ்தபா வந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டார். நூர் பீவி நடுவில். அந்தப் பக்கம் ஃபாயிசா.

“மாமி, அவர் பேசறப்ப எஸ் சொல்லாம ‘ஐ ஸீ’ன்னு சொல்லணும்னு சொல்லுங்க.”

“ஐ ஸீன்னு சொல்லணுமாம்.”

“அப்படின்னா?” என்றார் முஸ்தபா.

“அப்படின்னா?” என்று நூர் பீவி இந்தப் பக்கம் திரும்பினாள்.

“கேட்டுகிட்டிருக்கேன், புரியுதுன்னு அர்த்தம். ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம் இல்ல.”

“ஸீன்னா பாக்கறதுதானே? போன்ல எங்க பாக்கறது?”

“அதானே?” என்றாள் நூர் பீவி, தன் சொந்தப் பொறுப்பில்.

ஃபாயிசா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். முடியாது என்பதைச் சொல்லும் விதம். ஐ’ம் அஃப்ரெய்ட் வி கேன்னாட்.

“பயப்படறேன்னு நான் ஏன் சொல்லணும்? டெரெக்கைப் பார்த்து எனக்கென்ன பயம்னு கேளு.”

“பயம் இல்ல மாமி. ‘தப்பா எடுத்துக்காதீங்க, முடியாது’ன்னு நாம சொல்ற மாதிரி. முன்னாடி ஒரு மெத்தை போடறது.”

முஸ்தபா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“நாம பார்க்கலாம்னு சொல்றோமே, அந்த மாதிரி. ஆனா நாம மெத்தையை மட்டும் குடுத்து அனுப்பிடறோம். இவங்க மெத்தையும் போட்டு விஷயத்தையும் வெச்சுடறாங்க. கெட்டிக்காரங்கதான்.”

அவளிடம் படித்த எந்தப் பையனும் ஒரு சொற்றொடரை இப்படித் திருப்பிப் பார்த்ததில்லை. இன்டர்வியூவுக்காக மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். இவர் கையுறையைத் தையல் பிரித்துப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

உச்சரிப்பில்தான் சிக்கியது. ‘அப்ரைட்’ என்றார். மறுபடியும் ‘அப்ரைட்’. உதட்டைப் பல்லில் வையுங்கள் என்று மாமனாருக்கு எப்படிச் சொல்வது? ஃபாயிசாவுக்குச் சட்டென்று தோன்றியது.

“மாமி, ஃபாத்திஹான்னு சொல்றப்ப முதல்ல வர்ற அரபி எழுத்து, ஃபே. அதேதான்னு சொல்லுங்க.”

நூர் பீவி சொல்வதற்குள் முஸ்தபா, “அஃப்ரெய்ட்” என்றார். சுத்தமாக வந்தது. அவருக்கே ஆச்சரியம்.

சின்ன வயதில் மதரஸாவில் உஸ்தாத் பிரம்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று சொல்லிக்கொடுத்திருந்தார். நாக்கின் நுனியா, நடுவா, தொண்டையா, உதடா. ஐம்பது வருடமாக ஓதி ஓதி அந்த இடங்களெல்லாம் அவர் வாயில் தயாராக இருந்தன. சென்டரில் பையன்கள் ‘ஸீரோ’வின் முதல் ஒலியில் வாரக்கணக்கில் முட்டிக்கொண்டார்கள். முஸ்தபா ஜக்காத்தின் முதல் எழுத்தை நினைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்.

“இங்கிலீஷுக்கும் ஓதற மாதிரி இடம் இருக்கா? இத்தனை நாள் யாரும் சொல்லலியே!” என்றார்.

அந்த வாரம் முழுவதும் பாடம் நடந்தது. மூன்றாம் நாள், ஒரு வாக்கியம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலைந்து முறை போய் வந்த பிறகு, நூர் பீவி எழுந்துவிட்டாள்.

“நீங்க ரெண்டு பேருமே பேசிக்குங்க. எனக்கு அடுப்புல கஞ்சி அடிப்பிடிக்குது. நானும் ஐ ஸீ ஐ ஸீன்னுகிட்டு இங்க உட்கார்ந்திருந்தா நோன்பு தொறக்க ஒண்ணும் இருக்காது.”

போய்விட்டாள். ஃபாயிசா தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, தமிழில் தொடங்க வாய் வராமல், இங்கிலீஷில் தொடங்கினாள்.

“மிஸ்டர் முஸ்தபா, கேன் யூ ஷிப் இன் அக்டோபர்?”

“ஐ’ம் அஃப்ரெய்ட் வி கேன்ட்.”

“நோ” என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. முஸ்தபாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எங்கே தப்பு என்று காத்திருந்தார். கேன்ட் என்பது போனில் கடைசி எழுத்து விழுங்கப்பட்டு, முடியும் என்றே காதில் விழலாம்; கேன்னாட் என்று முழுசாகச் சொல்ல வேண்டும் என்று விளக்கினாள். அவர் முழுசாகச் சொன்னார்.

“அகெய்ன்” என்றாள்.

மறுபடி சொன்னார்.

ஒரு பட்டறையே அவர் சொல்லுக்கு எழுந்து உட்கார்கிறது. அப்படிப்பட்டவர், அகெய்ன் என்றால் அகெய்ன் சொன்னார். அதில் அவருக்கு எதுவும் குறைந்துபோகவில்லை. கூடியதாகவே ஃபாயிசாவுக்குப் பட்டது.

ஆனால் எஸ் மட்டும் அவரை விடவில்லை. ஃபாயிசா செல்போனோடு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கூடத்துப் போனுக்கு அடிப்பாள். டெரெக்காகப் பேசுவாள். மழையைப் பற்றி, கப்பலைப் பற்றி. மூன்றாவது வாக்கியத்தில் ஒரு எஸ் வந்துவிடும். கீழுதட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கேட்டுப் பார்த்தார். அப்போதும் மூக்கு வழியாக ஒரு ம் வந்தது.

“சும்மா கேட்கறது ரொம்பக் கஷ்டம்மா. பேசறவங்கள அந்தரத்துல விட்ட மாதிரி இருக்கு” என்றார். அவர் அவளிடம் நேராகச் சொன்ன முதல் தமிழ் வாக்கியம் அதுதான் என்பதை அவர் கவனிக்கவில்லை.

பட்டறையிலும் பழகினார். செவ்வாய்க்கிழமை கிளியம்மாள் தண்ணீர் கேட்கிற சாக்கில் மாடியேறி வந்தாள்.

“இன்னாம்மா, பாய்க்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

“ஏன் கேக்கறீங்க?”

“தனியா குந்திகினு ஐசி ஐசின்றாரு. எல்.ஐ.சி. ஏஜென்டு வந்துட்டுப் போனானா? அதுகூடப் பரவால்ல. நாம பேசுனா மூஞ்சியயே பாத்துகினு கீறாரு. ஒரு ம் இல்ல, ஊம் இல்ல. கட்டிங் போட்ற அசரியா லீவு கேக்கப் போனான். சீட்டையே கிழிக்கப் போறாருன்னு பயந்து, லீவு வேணாம் பாய்னு சொல்லிட்டு வந்துட்டான்.”

ஃபாயிசா சிரித்துவிட்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். நாளைக்கு போன் வரும். பண்டிகை வாரத்தில் சரக்கு தர முடியாது என்று மாமா சொல்லப் போகிறார்.

கிளியம்மாள் சிரிக்கவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“சொல்லிடுவாரா?”

“சொல்லிடுவாரு.”

“நல்ல மன்சன்மா. ஆனா வாய்ல முடியாதுன்னு வராது அந்தாளுக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

புதன்கிழமை மூன்றரை மணிக்குப் போன் வந்தது. பட்டறை மூலையில் பிளைவுட் அடித்துத் தடுத்த சின்ன அறைதான் ஆபீஸ். முஸ்தபா நாற்காலியில் உட்காரவில்லை, நின்றார். நோன்பால் உதடுகள் வெடித்திருந்தன. ஃபாயிசாவும் நூர் பீவியும் கதவோரம். ஸ்பீக்கர் பட்டனை அவரே அழுத்தினார். டெரெக்கின் குரல் கேட்டதும் கிளியம்மாள் மிஷினை நிறுத்தினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

டெரெக் நல்ல மனிதர்தான். நலம் விசாரித்தார். மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதைச் சொன்னார். முஸ்தபா, “ஐ ஸீ” என்றார். ஆஸ்பத்திரிக் கதை நீண்டது. முஸ்தபா கீழுதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். “ஐ ஸீ” என்றார். ஒரு எஸ்கூட விழவில்லை. நூர் பீவி விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள், எதை எண்ணினாள் என்று தெரியவில்லை.

பிறகு டெரெக் விஷயத்துக்கு வந்தார். அக்டோபர் கடைசியில் ஒரு கப்பல் இருக்கிறது. முழு ஆர்டரும் அதில் ஏறிவிட வேண்டும். முடியுமா?

“ஐ’ம் அஃப்ரெய்ட் வி கேன்னாட், சார்.”

ஃபே சரியாக விழுந்தது. கேன்னாட் முழுசாக விழுந்தது. ஃபாயிசாவுக்குக் கண் கலங்கியது.

மறுமுனையில் டெரெக் சிரித்தார். கோபச் சிரிப்பில்லை. போன வருடம் செய்தீர்களே, மிஸ்டர் முஸ்தபா? இதே சமயம்தானே? போன வருடம் முடிந்தது இந்த வருடம் ஏன் முடியாது? இதை மட்டும் முடித்துக் கொடுங்கள், வசந்த கால ஆர்டரும் உங்களுக்குத்தான்.

இதை அவர்கள் பழகவில்லை. இப்படிக் கேட்பார் என்று ஃபாயிசாவுக்குத் தோன்றவே இல்லை. டெரெக்காகப் பேசியபோதெல்லாம் அவள் ஒரே ஒரு முறைதான் கேட்டாள். முடியாது என்றதும் சரி என்று வைத்துவிட்டாள்.

ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் வந்தது. முஸ்தபாவின் தலை மெல்ல இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கியது. ‘ட்ரை பண்றேன்’ என்று சொல்லும்போது ஆடுகிற ஆட்டம். ட்ரை என்று ஒரு சொல் வந்தால் போதும், டெரெக் அதைத் தேதியாக எழுதிக்கொள்வார். கிளியம்மாள் மறுபடி தீபாவளிக்கு வந்து உட்காருவாள்.

ஃபாயிசா கதவிலிருந்து இரண்டடி வைத்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினாள். முஸ்தபா பார்த்தார். பார்த்துவிட்டு, வேண்டாம் என்று உள்ளங்கையைக் காட்டினார்.

போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“டெரெக் சார். ஹியர், டூ ஃபெஸ்டிவல். ஒன் வீக். ஹிந்து பீப்பிள், முஸ்லிம் பீப்பிள். லாஸ்ட் இயர் ஐ கால். ஆல் கம். ஃபெஸ்டிவல் டே, ஆல் கம்.”

மூச்சு வாங்கினார்.

“திஸ் இயர் ஆல்ஸோ ஐ கால், தே கம். தே வில் நாட் சே நோ டு மீ. ஸோ ஐ சே நோ டு யூ.”

கூப்பிட்டால் வந்துவிடுவார்கள். என்னிடம் முடியாது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். அதனால் உங்களிடம் நான் சொல்கிறேன்.

இதில் ஒரு வாக்கியம்கூட ஃபாயிசா சொல்லிக்கொடுத்ததல்ல. சென்டரில் யாராவது இப்படிப் பேசியிருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பாள். இப்போது எங்கே திருத்துவது என்று தேடிப் பார்த்தாள். கைவைக்க இடமில்லை. இலக்கணம் போன வழி போகட்டும். பொருள் ஆணி அடித்தமாதிரி நின்றது. மெத்தைகூட இல்லை. மனிதர் வெறும் தரையில் நின்று சொல்லிவிட்டார்.

டெரெக் வெகுநேரம் பேசவில்லை. அந்த மௌனத்தை முஸ்தபா தொடவில்லை. எஸ் சொல்லவில்லை, ம் சொல்லவில்லை, ஐ ஸீகூடச் சொல்லவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமலை அடக்கினார்கள்.

எனக்குத் தெரியாது, என்றார் டெரெக் கடைசியில். போன வருடம் நீங்கள் சொல்லவில்லையே?

“நோ சார். ஐ டிட் நாட் சே.”

பாதி ஆர்டரை வேறிடத்தில் கொடுத்தாக வேண்டும், கடைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், என்றார் டெரெக். மீதியை நீங்கள் எப்போது தருவீர்கள்?

முஸ்தபா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார். நவம்பர் பதினைந்து என்றார். உறுதியா என்று கேட்டார் டெரெக்.

“ஷ்யூர்” என்றார் முஸ்தபா.

போன் வைக்கப்பட்டது. முஸ்தபா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பாதி போச்சு” என்றார் நூர் பீவியிடம்.

“போனா போவட்டும். வசந்த காலமாமே, அது?”

“அதைப் பத்தி அவரும் சொல்லல, நானும் கேக்கல.”

பிறகு ஃபாயிசாவைப் பார்த்தார். “கடைசியில கொஞ்சம் தப்புத் தப்பா வந்துடுச்சு, இல்ல?”

“இல்ல மாமா” என்றாள் அவள். “அதை நான் திருத்த மாட்டேன்.”

அவர் வெளியே வந்தார். மிஷின்களுக்குப் பின்னால் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலீஷ் புரிந்தவர்களும் புரியாதவர்களும்.

“இன்னா பாய்,” என்றாள் கிளியம்மாள், “தொரைய ஒரு வாங்கு வாங்கிட்ட போலக் கீதே?”

“தீபாவளிக்கு லீவு. பெருநாளுக்கும் லீவு. நடுவுல இருக்கற நாளும் யாரும் வர வேணாம்.”

“மெய்யாலுமா? கடசீ நேரத்துல ஆள் அனுப்ப மாட்டியே?”

“அனுப்ப மாட்டேன்.”

கிளியம்மாள் பக்கத்து மிஷினைப் பார்த்தாள். நேரம் நல்லாயிருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தவள்போல் எழுந்தாள்.

“அப்டியே தீவாளிக்கு முன்னாடி வெள்ளிக்கெழமையும் சேத்துக் குடுத்துடு பாய். நாத்தனா வூட்டுக்கு செய்யாறு போவணும்.”

எல்லோரும் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லுக்குக் காத்திருந்தார்கள்.

“முடியாதும்மா” என்றார் முஸ்தபா. “வெள்ளிக்கிழமை வேற சரக்கு பேக்கிங் இருக்கு. நீ இல்லாம ஆகாது.”

அசரியாவின் வாய் திறந்தபடி இருந்தது. கிளியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அடி ஆத்தீ! கத்துகினத என்கிட்டயே காட்றியா நீ?” கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “சரி வுடு. இப்பவே சொல்லிட்ட இல்ல, அவளையே இங்க வரச் சொல்லிர்றேன்.”

ஊசிக்கு நேராகத் தோலை வைத்து, மிஷினை மிதித்தாள்.